லெவியாதன் கோடாரி: தலை ஏன் கழன்றது, மறுபடி எப்படிச் செய்தோம்

2024 பிப்ரவரியில் காமிக்ஸ், வீடியோ கேம் ரசிகர்கள் வேடம் போட்டுக்கொண்டு கூடும் காமிக் கான் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது என் அக்கா மகன், காட் ஆஃப் வார் என்ற வீடியோ கேமின் நாயகன் க்ரேடோஸின் வேடம் கட்டிக்கொண்டு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குப் போனான். அவன் கையில் இருந்தது நாங்கள் இருவரும் இரண்டரை மாதம் என் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்த லெவியாதன் கோடாரி. காலையில் பார்த்தவர்கள் பாதிப் பேர் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். மதியம் சாப்பிடப் போகும்போது எதற்குச் சுமக்க வேண்டும் என்று காரில் வைத்துப் பூட்டினோம், ஒன்றரை மணி நேரம். திரும்ப எடுத்தபோது வெட்டுவாய்ப் பக்கத்து ஓரம் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதை அழுத்திவிட்டு உள்ளே போய் போட்டோவுக்கு நின்ற கொஞ்ச நேரத்தில் "மாமா, தலை ஆடுது" என்றான், நான் எட்டிப் பிடிப்பதற்குள் தலை காம்பைவிட்டுச் சாய்ந்து ஒரே ஒரு ஃபோம் ஷீட்டின் பிடிமானத்தில் தொங்கியது.

அதற்கப்புறம் அன்று முழுக்க அவன் ஒரு போட்டோவுக்கும் நிற்கவில்லை. எனக்கு அதுதான் மனசில் தங்கிவிட்டது.

அந்தத் தலை ஏன் கழன்றது, அதைக் கண்டுபிடிக்க என்ன செய்தோம், இரண்டாவது கோடாரியை எப்படிக் கட்டினோம் என்று முழுக்க எழுதி வைக்கிறேன். இந்த வேலைக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை உலர்ந்த, குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் சொல்வது. நம் ஊர்க் காற்றில் அதே பொருள் வேறு மாதிரி நடந்துகொள்கிறது, அதைச் சொல்ல ஆள் குறைவு.

லெவியாதன் கோடாரி தெரியாதவர்களுக்கு: 2018 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த, சாண்டா மோனிகா ஸ்டுடியோ உருவாக்கிய காட் ஆஃப் வார் விளையாட்டில் க்ரேடோஸ் ஏந்தும் ஆயுதம். 2022 ஜனவரியில் கணினிக்கும் வந்தது, என் மருமகன் ஆடியது அதில்தான். புரோக், சிந்த்ரி என்று இரண்டு குள்ளர் சகோதரர்கள், இடி தேவன் தோருக்குச் சுத்தியல் செய்து கொடுத்து அது என்னவெல்லாம் செய்தது என்று பார்த்த பிறகு, அதற்கு ஈடாக நிற்க ஓர் ஆயுதம் வேண்டும் என்று ஃபே என்ற பெண்ணுக்காக அடித்துச் செய்தது. ஃபே க்ரேடோஸின் மனைவி. கதை தொடங்கும்போது அவள் இறந்துவிட்டாள், கோடாரி அவனிடம் இருக்கிறது. எறிந்தால் பனியோடு போய்ப் பதியும், கூப்பிட்டால் கைக்குத் திரும்பி வரும். இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம், இது ஏற்கெனவே ஒருத்தி பல காலம் கையாண்ட கோடாரி என்பது தெரிந்தால்தான் எங்கே தேய வேண்டும், எங்கே கறுக்க வேண்டும் என்று செய்பவனுக்குப் புரியும்.

அளவு எடுப்பதில் முதல் முறையே சரியாகத்தான் செய்திருந்தோம். விளையாட்டுக்குள்ளேயே போட்டோ எடுக்கும் வசதி இருக்கிறது, அதில் கோடாரியை நேர்ப்பக்கமாகத் திருப்பி நிறுத்திப் பல படங்கள் எடுத்தான். க்ரேடோஸின் முஷ்டி அகலத்தை ஒரு அலகாக வைத்துக் காம்பு எத்தனை முஷ்டி, தலை எத்தனை முஷ்டி என்று எண்ணி, அதையே மருமகனின் முஷ்டிக்கு மாற்றினோம். அவன் முஷ்டி 9.5 செ.மீ. கோடாரி 95 செ.மீ நீளம், தலை 29 செ.மீ என்று வந்தது. விளையாட்டில் இருக்கும் ஆள் மலை மாதிரி, அவனுக்கு இருக்கும் அளவை அப்படியே நம் பையன் கையில் கொடுத்தால் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும். முஷ்டிக் கணக்கு அதைச் சரிசெய்துவிடும்.

தப்பு நடந்தது அதற்கு அப்புறம். முதல் கோடாரியில் ஐந்து வாரம் தலையின் கன்னத்தில் வரும் பின்னல் வேலைக்கும் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளுக்கும் போனது. தலையும் காம்பும் சேரும் இடத்துக்கு நாங்கள் கொடுத்த நேரம் ஒரே ஒரு சாயங்காலம். 12 மி.மீ எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்தது) பலகை இரண்டைத் தலை வடிவத்தில் வெட்டி, நடுவே காம்பாக வைத்த பைப் உட்காரக் குடைந்து, இரண்டுக்கும் இடையில் பைப் முனையை வைத்துச் சொல்யூஷன் என்கிற ரப்பர்ப் பசையைத் தடவி அழுத்தினோம், அதன் மேல் செருப்புக்குப் போடும் ஈவா ஃபோம் ஷீட், அதன் மேல் எம்சீல் பிசைந்து அலங்காரம். மொத்த எடை 1,850 கிராம், அதில் தலை மட்டும் 1,400. அந்தச் சாயங்காலம் எது என்பதும் முக்கியம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது, தெருவில் தண்ணீர் வடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, சுவரில் கை வைத்தால் ஈரம், உலர்த்திய துணி இரண்டு நாளானாலும் வாடை அடித்துக்கொண்டிருந்தது. வெளியே போக முடியாத நாள்தானே, வேலையை முடித்துவிடுவோம் என்று ஒட்டினோம்.

நந்தம்பாக்கத்திலிருந்து திரும்பிய மறுநாள் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் உடைந்த கோடாரியை வைத்துப் பிரித்தேன். பிளந்த ஓரத்தில் கட்டர் பிளேடின் நுனியைக் கொடுத்து மெல்ல இழுத்தால் ஷீட் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்தது. ஒட்டியிருந்த சொல்யூஷன் முழுக்க ஒரே பக்கத்தில், மெல்லிய ஆடையாக, ஆறிய பாலின் மேல் படியும் ஏடு போல இருந்தது. அதைச் சுண்டுவிரலால் சுருட்டி எடுக்க முடிந்தது. நிறமும் தேன் மாதிரித் தெளிவாக இல்லை, வெளுத்துப் போயிருந்தது. மறுபக்கத்து ஷீட் கடையில் வாங்கியபோது எப்படி வழவழவென்று இருந்ததோ அப்படியே இருந்தது, சொல்யூஷன் பட்ட தடமே இல்லை. நல்ல ஒட்டில் பிரித்தால் ஈவாவே கிழிய வேண்டும், கிழிந்த துணுக்குகள் இரண்டு பக்கமும் தங்க வேண்டும். இங்கே ஒரு துணுக்குகூட இல்லை.

அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு பெரியமேடு போனேன். ஷீட் வாங்கியதே அங்கேதான். தோல் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம் என்பதால் செருப்புக்கும் பைக்கும் வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும், ஈவா ஷீட்டும் அதில் ஒன்று. வேடத்துக்கென்று தனியாக விற்கும் ஃபோமைவிட விலை மிகக் குறைவு, ஆனால் வாங்கும்போது கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும், பள்ளம் உடனே மேலே எழும்பி வந்தால் நல்ல அடர்த்தி. கடையில் இருந்த பெரியவர் பிளந்த துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது சொல்யூஷன் தப்பு இல்ல. மழை நேரத்துல ஒட்டினியா?"

"ஆமா பாய். டிசம்பர்ல."

"மேல் வழவழப்ப சுரண்டினியா?"

"இல்ல பாய்."

"அப்ப எப்படி நிக்கும்? செருப்புக்கு அடி ஒட்டுறதுன்னா மொதல்ல சுரண்டணும். ரெண்டு பக்கமும் தடவணும். தொட்டா கையில ஒட்டக் கூடாது, அந்தப் பதம் வர வரைக்கும் காத்திருக்கணும். மழைக் காலத்துல அந்தப் பதம் வந்த மாதிரி இருக்கும், ஆனா வந்திருக்காது."

இந்தக் கடைசி வரிதான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். சொல்யூஷன் என்று நாம் சொல்வது ரப்பரை டோலுவீன் மாதிரியான கரைப்பானில் கரைத்து வைத்திருப்பது. தடவியதும் கரைப்பான் வேகமாக ஆவியாகிறது, ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பின் மேல் ஈரம் படிந்துவிடும். சொல்யூஷன் வெளுத்துத் தெரிவது அதனால்தான். விரலுக்கு அது காய்ந்தது போலத் தோன்றும், ஆனால் இரண்டு ரப்பர்ப் படலமும் ஒன்றோடொன்று கலப்பதற்கு நடுவே அந்த ஈரம் உட்கார்ந்திருக்கும். அதோடு ஈவாவில் இருக்கும் குமிழ்கள் எல்லாம் மூடியவை, காற்று உள்ளே புகுந்து வெளியே வராது, அவசரத்தில் சேர்த்து அழுத்திவிட்டால் மிச்சமிருக்கும் கரைப்பானுக்கும் வெளியேற வழி கிடையாது. இரண்டும் சேர்ந்து ஒட்டைத் தளர வைக்கும்.

சரி, படித்தால் மட்டும் போதாது, நம் ஷீட்டில் நம் மாடியில் பார்க்க வேண்டும் என்று மருமகன்தான் சொன்னான். 3 செ.மீ அகலத்தில் துண்டுகள் வெட்டி நான்கு ஜோடி செய்தோம். இரண்டு ஜோடியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தோம், இரண்டை அப்படியே விட்டோம். தேய்த்ததில் ஒன்றையும் தேய்க்காததில் ஒன்றையும் வெயில் ஏறிய பகலில் மாடியில் 15 நிமிடம் காயவிட்டு ஒட்டினோம். மற்ற இரண்டையும் குளியலறையில், வாளியில் வெந்நீர் வைத்து ஆவி நிறைந்த பிறகு தடவி, அங்கேயே காயவைத்து ஒட்டினோம். இரண்டு நாள் விட்டு, நான்கையும் துணி உலர்த்தும் கம்பியில் கட்டி, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டோம், உச்சி வெயிலில்.

தேய்க்காமல் ஆவியில் ஒட்டியது அரை மணி நேரத்துக்குள் பாட்டிலோடு கீழே விழுந்தது, பிரிந்த இடத்தில் அதே வெளுத்த ஏடு. தேய்த்து ஆவியில் ஒட்டியது சாயங்காலம் வரை நின்றது, ஆனால் ஓரம் கொஞ்சம் நழுவி இறங்கியிருந்தது. தேய்க்காமல் வெயிலில் ஒட்டியது நின்றது, பிரித்துப் பார்த்தால் பாதி இடத்தில்தான் ஈவா கிழிந்தது. தேய்த்து வெயிலில் ஒட்டியதை என்னால் கையால் பிரிக்கவே முடியவில்லை, துண்டே அறுந்தது. நான்கே துண்டு வைத்துப் பெரிய முடிவெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் எங்கள் கோடாரிக்கு என்ன நடந்தது என்பதற்கு இது போதும்.

ஒட்டு மட்டும் காரணமில்லை. கெட்டுப்போன அதே ஒட்டு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வீட்டில் இருந்தபோது நின்றதே. மூன்று விஷயம் ஒன்றாகக் கூடிய பிறகுதான் கழன்றது. வெயிலில் மூடிக் கிடக்கும் கார் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், அந்தச் சூட்டில் சொல்யூஷன் இளகும். காரின் பின் சீட்டில் கோடாரியைச் சாய்த்து வைத்ததால் 1,400 கிராம் தலை ஒன்றரை மணி நேரம் அந்த இளகிய ஒட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒட்டு ஒரே அடியில் கழலாமல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும் வகை இது, வெயிலில் தொங்கிய துண்டு இறங்கியது போல.

எங்கள் தெருமுனையில் கதவு, ஜன்னல் வேலை செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். உடைந்த இடத்தை அவரிடம் காட்டியபோது அவர் ஒட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "காம்பு தலைக்குள்ள பூந்து அந்தப் பக்கம் வரணும் சார். நீங்க தலைய காம்பு மேல உக்கார வெச்சிருக்கீங்க" என்றார். நிஜக் கோடாரி அப்படித்தானே. தலையில் துளை, துளைக்குள் காம்பு, மேலே ஆப்பு. பசை எதுவும் கிடையாது, ஆப்பு காம்பின் முனையை விரித்துவிடுவதால் தலை கழன்று வராது. நாங்கள் விளையாட்டிலிருந்து வெளிப்புறத்தைத்தான் எடுத்தோம், கோடாரி எப்படி நிற்கிறது என்பதை எடுக்கவில்லை. இரண்டாவது கோடாரி அவருடைய இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கியது.

அரங்குகளில் உலோகம் அனுமதிப்பதில்லை, அதனால் இரும்புக் கம்பிக்கு இடமில்லை. முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப் 95 செ.மீ, அதற்குள் இறுக்கமாகப் போகும் மரக்கம்பு ஒன்றை ஆசாரி இழைத்துக் கொடுத்தார். பைப் மட்டும் என்றால் வளையும், கம்பு மட்டும் என்றால் ஒடிந்தால் சிராய் பாயும், இரண்டும் சேர்ந்தால் இரண்டு குறையும் போகும். பைப் தலையின் உச்சி வரை போகிறது. மேல் முனையிலிருந்து 15 செ.மீ நீளத்துக்குப் பைப்பையும் கம்பையும் சேர்த்து நடுவே பிளந்து, அந்தப் பிளவில் 6 மி.மீ ப்ளைவுட் தகடு ஒன்றை நுழைத்தோம், கோடாரித் தலையின் வடிவம்தான் ஆனால் சுற்றிலும் 2 செ.மீ சிறியது, எடை குறைய அதில் வட்ட வட்டமாக ஓட்டை. பைப், கம்பு, தகடு மூன்றையும் குறுக்கே துளைத்து மூன்று மூங்கில் முளை அடித்தோம், இடைவெளியில் இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்ஸி. மறுநாள் ஷீட் எதுவும் ஒட்டாமல் இந்த எலும்பை மட்டும் எடுத்து வீசிப் பார்க்கச் சொன்னேன். மருமகன் பத்து நிமிடம் வீசினான். ஒரு கிரீச் சத்தம்கூட இல்லை.

எடையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது கூத்து. கட்டைக்கூத்தில் ராஜா வேடக்காரர் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டுகிற கட்டைகள் தூரத்திலிருந்து பார்த்தால் தங்கமும் ரத்தினமுமாகக் கனக்கும், கையில் எடுத்தால் லேசான மரம், மேலே வர்ணம், கண்ணாடித் துண்டு. இரவு முழுக்க ஆடுகிறவருக்கு அது கட்டாயம். கனமாகத் தெரிய வேண்டும், கனக்கக் கூடாது. வேடத்துக்குச் செய்யும் ஆயுதமும் அதே வகையைச் சேர்ந்த பொருள் என்று நான் நினைக்கிறேன், நமக்கு இது புதிய கலை இல்லை. அதனால் எம்சீல் அலங்காரத்தை முழுக்க விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஈவாவிலேயே செய்வது என்று முடிவு செய்தோம்.

தகட்டின் இரண்டு பக்கமும் 10 மி.மீ ஷீட், வெட்டுவாயில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சாய்வாகச் சீவ வேண்டும். கட்டர் பிளேடு நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை முனையை ஒடித்துப் புதுசாக்கிக்கொள்ள வேண்டும், மழுங்கிய பிளேடு ஷீட்டை வெட்டாது, கடிக்கும். ஒட்டும் வேலை எல்லாம் மார்ச் மாதப் பகலில், பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள். எல்லாப் பரப்பும் முதலில் உப்புத்தாள், பின் தூசி துடைப்பு, பின் இரண்டு பக்கமும் சொல்யூஷன், 15 நிமிடம், பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தம். ஒட்டிய பிறகு ஒரு நாள் தொடக் கூடாது. சொல்யூஷன் வாடையில் துணி மாஸ்க்கோ சாதாரண மருத்துவ மாஸ்க்கோ எந்தப் பயனும் தராது, கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் வேண்டும், திறந்த வெளி வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கும் அந்த மாஸ்க்கில் தூசி வடிகட்டி சேர்த்துக்கொள்ள வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன், வீட்டில் பிள்ளைகளோடு செய்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

வடிவம் வந்த பிறகு சூடான காற்றை ஊதும் ஹீட் கன். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனால் மங்கலாக இருந்த பரப்பு ஒரு நொடியில் லேசாகப் பளபளக்கும், அதுதான் அடையாளம், பரப்பில் வெட்டுப்பட்டுத் திறந்திருந்த குமிழ்கள் மூடிக்கொண்டன, அடுத்த இடத்துக்கு நகரலாம். ரூன் எழுத்துக்கும் இதே சூடுதான் உதவுகிறது. பிளேடால் பாதி ஆழத்துக்குக் கோடு கிழித்துவிட்டுச் சூடு காட்டினால் அந்தக் கோடு தானாக வாய் திறந்து செதுக்கிய பள்ளம் போல ஆகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து எழும்பி வருவது எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை.

பின்னல் வேலையில் என் அம்மா வந்து சேர்ந்தார். முதல் கோடாரியில் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்திருந்தேன், தூரத்தில் சரியாகத் தெரியும், கிட்டே போனால் சில கோடுகள் எங்கிருந்தோ வந்து எங்கேயோ முடியும். மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "இது சிக்குக் கோலம்தானேடா, புள்ளி வெக்காம போட்டா இப்படித்தான் தொலைஞ்சு போகும்" என்றார். கோலமாவு எடுக்கவில்லை, பென்சிலாலேயே ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, விளையாட்டுப் படத்தில் இருந்த பின்னல் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வரைந்தார், எல்லாம் ஒரே கோடாகப் போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. அதோடு ஒரு வித்தியாசத்தையும் அவரே கண்டுபிடித்தார். கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெறுமனே குறுக்கே கடக்கும், இங்கே ஒருமுறை மேலே போனால் அடுத்த முறை கீழே போக வேண்டும், கூடை முடைவது போல. அந்த வரைபடத்தை 2 மி.மீ ஷீட்டில் வெட்டி, கீழே போகும் இடங்களில் மட்டும் பிளேடால் ஒரு கோடு கிழித்துச் சூடு காட்டினோம், பின்னல் உயிரோடு எழுந்தது. இரண்டு கோடாரியையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படும் வித்தியாசம் இதுதான்.

வெளிச்சத்துக்கு ரிச்சி தெரு. நீல நிற எல்.இ.டி. பட்டி, 5 வோல்ட் வகை, தேவையான நீளம் வெட்டி வாங்கலாம். மூன்று சின்ன பேட்டரி செல் போட்டால் 4.5 வோல்ட், நீல எல்.இ.டி. எரிய சுமார் 3 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு செல் போதாது, சீக்கிரம் மங்கிவிடும். ஒரு பக்கத்து ஷீட்டின் உள்முகத்தில் பட்டிக்குக் குழி வெட்டி, ரூன் பள்ளங்களை அது வரை துளைத்து, பள்ளத்தில் சூட்டில் உருகும் பசையான ஹாட் குளூவை நிரப்பினோம். அது வெளிச்சத்தைப் பரப்பும், பார்க்க உறைந்த பனி மாதிரியே இருக்கும். செல் பெட்டி காம்பின் அடிமுனைக் குமிழுக்குள். முனையில் கொஞ்சம் எடை இருப்பது நல்லதும்கூட, தலை கீழே இழுப்பது குறைந்தது.

வர்ணத்துக்கு முன் மேல் பூச்சு. முதல் கோடாரிக்கு மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பூசியிருந்தோம், பல பேர் சொல்லும் முறைதான், ஆனால் அது ஈரத்தை இழுக்கும், வியர்த்த கையில் பிசுபிசுக்கும், சுற்றி வைத்த போர்வை நூல் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை மொட்டை மாடிக்குத் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசிய அக்ரிலிக் பெயின்ட் வாளியில் மிச்சம் இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கவே செய்த பூச்சு, ரப்பர் மாதிரி வளையும், தளம் விரிந்து சுருங்கினாலும் வெடிக்காது. அதைத் தண்ணீர் விட்டு இளக்கி ஸ்பாஞ்சால் மெல்லிசாக நான்கு முறை. மேலே உப்புத்தாள் போடக் கூடாது, திரிதிரியாக உரியும், அதனால் ஒவ்வொரு முறையும் மெல்லிசாகவே போக வேண்டும். நான் இப்போது செய்யும் எல்லாவற்றுக்கும் இதுதான்.

அதன் மேல் மங்கலான கறுப்பு. வெள்ளி வர்ணத்தைத் தூரிகையில் தொட்டுப் பழைய துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் உரசினோம். வெட்டுவாயில் வெள்ளி வர்ணத்துக்குப் பதிலாகப் பென்சில் முனையைத் தூளாக்கி விரலால் தேய்த்தோம். கறுப்பின் மேல் அது பட்டதும் சாணை பிடித்த இரும்பின் அந்தச் சாம்பல் மினுக்கு வருகிறது, எந்த டப்பா வர்ணத்திலும் அது கிடைக்காது. மேலே ஒரு மங்கலான வார்னிஷ், இல்லாவிட்டால் கையில் வந்துவிடும். காம்புக்குப் பெரியமேட்டில் எடை போட்டு வாங்கிய தோல் துண்டுகளை வாராக வெட்டி, ஈரப்படுத்திச் சுற்றினோம், காய்ந்ததும் தானே இறுகியது. ஃபே பிடித்திருப்பாள் என்று நாங்கள் நினைத்த இடம் ஒன்று, அவன் பிடிக்கிற இடம் ஒன்று, இரண்டு இடத்திலும் தேங்காய் எண்ணெயும் புகைக்கரியும் தேய்த்துக் கறுக்க வைத்தோம். இது யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை, ஆனால் இதைச் செய்தபோதுதான் மருமகன் அதை "நம்ம கோடாரி" என்று சொல்லாமல் "ஃபேவோட கோடாரி" என்று சொல்ல ஆரம்பித்தான்.

மொத்தம் 980 கிராம். செலவு 4,000 ரூபாய்க்குள், மாஸ்க் தனி.

மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் அதைக் காரின் அதே பின் சீட்டில் அதே மாதிரிச் சாய்த்து வைத்துக் கண்ணாடியை ஏற்றிப் பூட்டினேன், மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. மருமகன் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. எடுத்தபோது தொட முடியாத சூடு, ஆனால் ஓரம் எதுவும் வாய் திறக்கவில்லை, காம்பைப் பிடித்து ஆட்டினேன், தலை அசையவில்லை. கூப்பிட்டேன், வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே போனான்.

வெளியே கொண்டுபோகும் விஷயம் ஒன்று பாக்கி. நம் ஊரில் கோடாரி மாதிரி ஒன்றை ரோட்டில் தூக்கிக்கொண்டு நடப்பது விளையாட்டில்லை, பார்க்கிறவர்களுக்கு அது ஃபோம் என்று எப்படித் தெரியும். வீட்டிலிருந்து அரங்கு வாசல் வரை பழைய வேட்டியில் முழுக்கச் சுற்றிக் கட்டித்தான் போக வேண்டும், உள்ளே என்ன என்று கேட்டால் உடனே பிரித்துக் காட்டும்படி முடிச்சு இருக்க வேண்டும். அரங்கு வாசலில் ஆயுதங்களைச் சோதிப்பவர்கள் அழுத்திப் பார்ப்பார்கள், வெட்டுவாய் வளைய வேண்டும், அதனால்தான் ப்ளைவுட் தகட்டை ஓரத்திலிருந்து 2 செ.மீ உள்ளே நிறுத்தினோம்.

அடுத்த முறை அவன் அதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையிலேயே வைத்திருந்தான், சாப்பிடும்போது மடியில். ரூன் விளக்கு நாலு மணிக்கு மேல் மங்கியது, செல் மாற்றினோம். ஒரு சின்னப் பையன் அப்பா கையை உதறிவிட்டு வந்து தலையைத் தொட்டு, "ஜில்லுனு இல்லையே" என்றான். மருமகன் குனிந்து அவன் கையில் காம்பைக் கொடுத்தான், அவன் அதைத் தனியாகத் தூக்கிவிட்டான்.

இப்போது என் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஆணியில் கிடைமட்டமாக மாட்டியிருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் ஓரங்களைக் கட்டை விரல் நகத்தால் தடவிப் பார்த்தபோது தலையின் அடிக்கோணத்தில் ஒரு செ.மீ அளவுக்குத் தூக்கியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் சரியாகப் போகவில்லை, உள்மூலை. பிளேடால் இன்னும் கொஞ்சம் திறந்து, குச்சி நுனியில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து வைத்திருக்கிறேன். சொல்யூஷன் இன்னும் போடவில்லை, வானம் மூட்டமாக இருக்கிறது.